சாய்ந்தமருது மணலில் என் மகன்

மையவாடியின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் இவர்கள். ஆதம்பாவா, அவர் கடலுக்குப் போகிறவர், என் மகனைக் கரையிலிருந்து தூக்கியவர். அவர் மனைவி கதீஜா. பள்ளிவாசல் மௌலவி, சாவி அவர் கையில் இருந்தது. கல்முனைக் கன்னியர் மடத்து சிஸ்டர். என் கொழுந்தன் லூர்து. பிறகு நான்.

மையவாடி என்றால் முஸ்லிம்களை அடக்கும் இடம். உள்ளே என் மகன் சகாயம் கிடந்தான். அந்த ஊரில் பெண்கள் அந்தக் கதவைத் தாண்டுவதில்லை.

முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றாட வாழ்வில் ஆண்டவருக்கு இடம் கொடுப்பது பற்றிப் பங்கு மலருக்கு எழுத்து கேட்டார்கள். நீ இலங்கைக்குப் போய் வந்ததை எழுது என்று எங்கள் பங்குச் சாமி சொன்னார். நான் ஐந்தாவது வரை படித்தவள். கன்னியாகுமரிக் கரையில் மீன் விற்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சகாயம் நாகப்பட்டினத்துப் படகில் வேலைக்குப் போனான். வாடைக்காற்றில் படகு கவிழ்ந்தது. மற்றவர்களை வேறொரு படகு எடுத்தது. இவன் கிடைக்கவில்லை. கோயிலில் படத்தை வைத்துப் பூசை செய்தோம். அதன்பிறகு நான் ஜெபமாலையைத் தொடவில்லை. கோயிலுக்குப் போவேன். உட்காருவேன். எழுந்து வருவேன். உள்ளே ஒன்றும் இறங்காது.

வருடம் ஒன்று கழிந்து சாமியின் போனில் ஒரு படம் வந்தது. கழுத்தில் போடும் உத்தரியம். கடல் தண்ணீரில் நைந்துபோகாமல் இருக்க, மாதா படம் வெளியே தெரியாதபடி கருப்புத் துணிக்குள் வைத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். பச்சை வலை நூல். வலைக்குப் போடும் முடிச்சு. என் முடிச்சு எனக்குத் தெரியும்.

அவன் உடல் ஒதுங்கியது இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குப் பக்கத்து ஊரான சாய்ந்தமருதில். அந்த ஊர்க்காரர்கள் அந்தக் கருப்புத் துணியைத் தாயத்து என்று நினைத்திருக்கிறார்கள். தாயத்து கட்டியிருக்கிறான், நம் ஆள்தான் என்று முடிவு செய்து, குளிப்பாட்டித் தொழுது அவர்கள் முறைப்படி அடக்கிவிட்டார்கள். தைத்த தாயத்தைப் பிரிப்பது பாவம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆதம்பாவா வீட்டு மாடத்தில் அது அப்படியே இருந்தது. ஒரு நாள் எலி கடித்துத் துணி பிரிந்தது. உள்ளே மாதா இருந்தாள். அவர்கள் பதறிப்போய்க் கல்முனை மடத்தில் கொண்டுபோய்ச் சொன்னார்கள். அங்கிருந்து எங்கள் சாமிக்கு வந்தது.

எங்கள் ஊரில் அவன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கிடக்கிறது. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற எனக்கு ஒரு இடம் வேண்டும். எலும்பையாவது கொண்டுவந்துவிடுவது என்று லூர்தும் நானும் கிளம்பினோம்.

இலங்கையில் இறங்கிய முதல் நாள் பஸ்ஸிலேயே போனது. வயல்களுக்கு நடுவே டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி நின்றோம். எங்கள் பக்கம் பாதி வயலில் வீடு கட்டிவிட்டார்கள். இங்கே கண் போகிற தூரம் வரை பச்சை. என் பக்கத்து இருக்கையில் வந்த சிங்களத்து அம்மா மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி என் கையில் வைத்தாள். ஏதோ கேட்டாள். கண்டக்டர் தமிழில் சொன்னார்.

“மகன்மார் ஒருத்தரும் கூட வரல்லையா எண்டு கேக்கிறா.”

“முன்னாடியே போயிட்டான்னு சொல்லுங்க.”

அவர் சொன்னார். அந்த அம்மா சிரித்து என் முழங்கையைத் தட்டினாள். அவள் சொன்னதையும் கண்டக்டரே சொன்னார்.

“நல்ல பிள்ளையாம். அம்மாக்கு இடம் பாத்து வைக்கப் போயிருக்காராம்.”

மாங்காய் நல்ல புளிப்பு. தின்று முடித்தேன். லூர்து தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

கல்முனை எங்கள் கடைத்தெரு மாதிரிதான். துணிக்கடை, நகைக்கடை, மோட்டார் சைக்கிள் சத்தம். தலையிலிருந்து கால்வரை கருப்பு உடுத்திய பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். பள்ளிவாசலும் கோயிலும் மாதா கோவிலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பேசுவது தமிழ்தான். ஆனால் முதல் நாள் எனக்குப் பாதிதான் புரிந்தது. என் பேச்சு அவர்களுக்கு அதைவிடக் குறைவாகப் புரிந்திருக்கும்.

மடத்தில் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் தந்தார்கள். டீ பால் இல்லாமல்தான். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிறார்கள். லூர்துக்கு அது பிடிபடவில்லை. சீனியை முதலிலேயே தின்றுவிட்டு வெறும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பள்ளிவாசல்காரர்கள் கூடிப் பேசுவதாகத் தகவல் வந்தது. அதுவரை காத்திருக்க வேண்டும். சும்மா இருக்க எனக்கு வராது. சிஸ்டர் ஆசுபத்திரிக்குக் கிளம்பினார். கூடப் போனேன். ஆள் துணை இல்லாமல் கிடக்கிறவர்களுக்கு அவர் தினமும் முகம் கழுவிவிடுவார், சோறு ஊட்டுவார், அழுக்குத் துணி எடுப்பார். பேச்சு குறைவு. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு கட்டிலில் மருதமுனையிலிருந்து வந்த வயதான உம்மா. இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தார். மகன்கள் கத்தாரில். மருமகளுக்குப் பிள்ளைப்பேறு. தலை சிக்குப்பிடித்திருந்தது. நான் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தேன்.

“எந்த ஊரு புள்ள?”

“இந்தியா.”

“இந்தியாவிலரிந்து என்ட பேன் பாக்கவா வந்த?”

அடுத்த கட்டில்காரி சிரித்தாள். உம்மா என் கையைப் பிடித்து மூக்கில் வைத்தார்.

“மீன் மணக்குது.”

“மீன் விக்கிறவ. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.”

“போகவும் தேவல்ல. ஆசுபத்திரி மருந்து மணத்துக்கு இது எவ்வளவோ நல்லம். மெல்ல இழு புள்ள, மசிர நாலாச்சும் மிச்சம் வை.”

பின்னிக் கட்டினேன். எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பும்போது சிஸ்டர் என்னைப் பார்த்து, “ஜெபம் வரல்லை எண்டு உங்கட சாமியார் சொன்னவர். வராட்டி விடுங்க. கைக்கு வேலை குடுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாலையில் செய்தி வந்தது. தாய் கேட்டால் கொடுத்துவிடுவோம், தடுக்க மாட்டோம் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். தோண்டுவதற்குக் கோர்ட் உத்தரவு வேண்டும், அதற்கு சிஸ்டர் ஆள் பார்ப்பார். முதலில் இடத்தைப் பார்க்க வாருங்கள் என்றார்கள்.

மூன்றாம் நாள் ஆட்டோவில் சாய்ந்தமருதுக்குப் போனோம். நெருக்கமான ஊர். ஒரு வீட்டு மதிலும் அடுத்த வீட்டு மதிலும் ஒன்றுதான். ஆட்டோக்காரர் எங்களை ஒரு பெரிய கடையின் முன் இறக்கினார். முதலாளி வரவேற்று உட்கார வைத்து சர்பத் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். முதலாளி தலையைச் சொறிந்தார்.

“நான் ஆதம்பாவாதான். ஆனா கடலுக்கு போனதே இல்ல. தண்ணியில கால் வச்சா காச்சல் வரும் எனக்கு.”

ஆட்டோக்காரர் வெளியே நின்ற ஒருவரிடம் விசாரித்தார்.

“கடலுக்கு போற ஆதம்பாவா எண்டா நாலு பேரு இரிக்காங்க. மௌத்தானவர் வேணுமா, உசிரோட இரிக்கிறவர் வேணுமா?”

“உசிரோட இரிக்கிறவர்.”

“அப்ப மூணு பேர்.”

முதலாளியே தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வீட்டைக் காட்டினார். சர்பத்துக்குக் காசு வாங்கவில்லை.

கடலுக்கு அருகில் தகரக் கூரை வீடு. ஆதம்பாவாவுக்கு என் வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கதீஜா வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

“வாங்க ராத்தா. இரிங்க.”

ராத்தா என்றால் அக்கா. சாப்பிட்ட பிறகுதான் கதை என்றாள். சிவப்பரிசிச் சோறு, மரவள்ளிக்கிழங்குக் கறி, பொரித்த கீரி மீன். கிழங்கும் மீனும் எங்கள் சாப்பாடு. நாங்கள் கிழங்கை அவித்து மசித்துவிடுவோம், இவர்கள் தேங்காய்ப்பாலில் போடுகிறார்கள். மீன் அன்று பிடித்தது. கண்ணைப் பார்த்தால் தெரியும். நல்ல மீனையெல்லாம் எங்களுக்கு வைத்துவிட்டு அவர்கள் உடைந்த மீனை எடுத்துக்கொண்டார்கள்.

டீ ஊற்றியபோது பாங்கு சொன்னார்கள். ஆதம்பாவா ஒரு வாய்தான் குடித்திருந்தார். கோப்பையை வைத்துவிட்டுத் தொழ எழுந்து போனார். திரும்பி வந்தபோது டீ ஆறியிருந்தது. ஆறிய டீயைக் குடித்தார். எங்கள் ஊர்க் கோயிலிலும் மூன்று வேளை மணி அடிக்கிறது. மணி அடிக்கும்போதும் நாங்கள் மீனுக்கு விலை பேசிக்கொண்டுதான் இருப்போம்.

பிறகு அவர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“விடியக் கரைக்கு போனன். தோணிக்கு அங்கால கிடந்தாரு. பொலிசுக்கு சொன்ன, ஆசுபத்திரிக்கு கொண்டு போன. கன நாள் வச்சிரிந்தாங்க. தேடி ஒருத்தரும் வரல்ல. மறுகா பள்ளியால கேட்டு எடுத்தம். ஒடம்ப வச்சி ஒண்டும் சொல்ல ஏலாது ராத்தா. கடல்ல ரொம்ப நாள் கிடந்த ஒடம்பு. கழுத்துல அது கிடந்ததால நம்மட புள்ள எண்டு நினைச்சிட்டம். மன்னிக்கணும்.”

“குளிப்பாட்டினது யாரு?”

“நானும் மச்சானும். இலந்தை இலை போட்டு தண்ணிய சூடாக்கின. மையத்துக்கும் நோகும் எண்டு சொல்லுவாங்க. வெதுவெதுப்பாத்தான் வச்சம். தேய்க்க ஏலா. ஊத்தின மட்டும். மெல்ல ஊத்தினம்.”

நான் கேட்டது அவ்வளவுதான். கடல் தண்ணீர் குளிர்ந்து கிடந்திருக்கும்.

லூர்து எங்கள் விஷயத்தைச் சொன்னான். அண்ணன் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், மைனிக்கு வேறு யாரும் இல்லை என்றான். அண்ணி என்பதை நாங்கள் மைனி என்போம். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னான்.

“அது ராத்தாட புள்ள” என்றார் ஆதம்பாவா. “கொண்டு போங்க. நாங்க என்ன சொல்ற.”

கதீஜா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சாம்பலை எடுத்து நானும் ஒரு சட்டியைத் தேய்த்தேன்.

“நீங்க அவன் இருக்கிற இடத்தைப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“பொம்புளைகள் போறதில்ல.” கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “என்ட மகனும் அங்கதான். காச்சல்ல போன. பதினேழு வயசு.”

“எந்தப் பக்கம்?”

“தெரியா. நான் காணல்ல. இவர் ஒவ்வொரு வெள்ளியும் போவார். வந்து ஒண்டும் சொல்லமாட்டார், நானும் கேக்கமாட்டன்.”

அந்த வீட்டிலிருந்து மையவாடி மதில் தெரிகிறது.

வெயில் தாழ்ந்த பிறகு எல்லாரும் நடந்து போனோம். கதீஜா வாசல்வரைதான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மௌலவி வயதில் சின்னவர். லூர்தை உள்ளே அழைத்தார். என்னைப் பார்த்துத் தயங்கினார்.

“மார்க்கத்துல பூட்டு இல்ல உம்மா. ஊர் வழக்கந்தான். பொம்புளைகள் உள்ளுக்கு போனா கத்தி அழுவாங்க, மண்ணுல விழுவாங்க எண்டு பெரியாக்கள் விடுறதில்ல.”

“நான் கத்த மாட்டேன்.”

 அவர் கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். நான் கதீஜாவின் கையை விடவில்லை. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மௌலவியைப் பார்த்தார். மௌலவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் மாதிரி சிலுவையோ, மாடமோ, மெழுகு உருகிய கறையோ இல்லை. வெறும் மணல். மணல் மேடுகள். தலைமாட்டில் ஒரு கட்டை அல்லது கல். மீசான் என்கிறார்கள். ஆதம்பாவா முன்னால் போய் ஒரு மேட்டின் அருகில் நின்றார். பெயர் எழுதாத கட்டை.

“இதான்.”

பக்கத்து மேட்டின் கட்டையில் எழுத்து இருந்தது. கதீஜா குனிந்து படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து அந்த மேட்டின் மேல் கையை வைத்தாள். தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் வைத்தாள். சத்தம் இல்லை.

“மகனுக்கு பக்கத்துல எனக்கெண்டு மனசுல வச்சிருந்த இடம்” என்றார் ஆதம்பாவா. “உங்கட மகன் வந்த. குடுத்திட்டன்.”

நான் என் மகனின் மேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மணல் சூடாக இருந்தது.

லூர்து குந்தி உட்கார்ந்து விரல்களை மணலில் செருகினான். வெளியே எடுத்ததும் குழி தானாக மூடியது. இன்னொரு தடவை செருகிப் பார்த்தான். இரண்டு மேடுகளுக்கும் நடுவே கையை விரித்து வைத்தான். ஒரு சாண்.

“மைனி.”

“சொல்லு.”

“கடல் மணலு. பிடிக்காது. இதைத் தோண்டினா அது சரியும்.”

எல்லாருக்கும் கேட்டது. ஆதம்பாவா முகத்தைத் துடைத்தார்.

“பரவால்ல தம்பி. தோண்டுங்க. மறுகா நாங்க மண் போட்டு சரியாக்குவம்.”

அவர் சொன்னது மனதார.  கதீஜாவின் கை மேட்டின் மேலேயே இருந்தது. அந்த இடத்தை அன்றுதான் அவள் முதல்முதலாகக் கண்டாள்.

நான் வந்தது என் மகனை எடுத்துப்போக. அதற்காகக் கடல் தாண்டி வந்தேன். அவனை எடுத்தால் அவள் பிள்ளையின் எலும்பு புரளும். எடுக்காவிட்டால் நான் சாகும்வரை ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற முடியாது. எனக்காக ஒருவரும் முடிவு சொல்லவில்லை. 

“வேண்டாம்” என்றேன். “கெடக்கட்டும்.”

“மைனி, யோசிச்சுச் சொல்லுங்க. அங்க அண்ணன் பக்கத்துல—”

“கெடக்கட்டும் லூர்து.”

லூர்து எழுந்து மதில் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான். தோள் குலுங்கியது. மௌலவி கையேந்தி ஏதோ ஓதினார். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வாய்க்குள் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். பாதியில் மறந்தது. முதலிலிருந்து சொன்னேன். முடித்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன மெழுகுவர்த்தி பைக்குள் இருந்தது. அவர்கள் இடத்தில் அவர்கள் வழக்கம். எடுக்கவில்லை.

கத்த மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கத்தவில்லை.

வெளியே வந்ததும் மௌலவி கதவைப் பூட்டினார். இனி நான் அங்கே வரப்போவதில்லை. கடவுச்சீட்டு, விசா, பஸ் எல்லாம் இன்னொரு தடவை என்னால் ஆகாது. கதீஜா இனி உள்ளே போய் வரலாம் என்று மௌலவி சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

அன்று இரவு தூக்கம் இல்லை. எங்கள் கரையில் கோயில் பங்கு என்று மீன் எடுத்து வைப்போம். நல்லதெல்லாம் ஏலத்துக்குப் போகும், மிஞ்சின பொடி மீன் பங்குக்கு வரும். எல்லாரும் செய்வதுதான். ஆண்டவர் ஒன்றும் கேட்பதில்லை. இந்த மனுசன் தனக்கென்று வைத்த இடத்தையே, பேர் தெரியாத ஒரு பிணத்துக்குக் கொடுத்திருக்கிறார். சாமி பிரசங்கத்தில் இடம் கொடுங்கள், இடம் கொடுங்கள் என்பார். அது ஆறடி மணல் என்று நான் நினைத்ததில்லை.

நான்காம் நாள் பஸ் ஏற்றிவிட ஆதம்பாவா வந்தார். கதீஜா ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்துவிட்டிருந்தாள். மீன்காரிக்குக் கருவாடு கொடுக்கிறாளே என்று லூர்து சொன்னான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அதற்குத்தான்.

பஸ் எடுக்க நேரம் இருந்தது. நான் கேட்க நினைத்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அவனை அடக்கின அன்னைக்கு யாராவது வந்தாங்களா?”

“வந்தாங்க ராத்தா. முதல் பத்துப் பேர்தான் நிண்ட. ஊர் பேர் தெரியாத மையத்துத்தானே. நாப்பது பேர் நிண்டு தொழுதா அல்லாஹ் இரங்குவான் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை. மௌலவி தொழுவிக்கப் போனவர். கொஞ்சம் பொறுங்க எண்டு சொல்லிப்போட்டு நான் சந்தைக்கு ஓடினன். மீன்கடை, தேத்தண்ணிக்கடை, சலூன் எல்லாம் போனன். சலூன்ல பாதி முகம் வழிச்ச ஒராள் மற்றப் பாதி நுரையோட வந்தாரு. கடைக்காரங்க கடைய அப்படியே போட்டுட்டு வந்தாங்க. பேர் கேட்டாங்க. தெரியா எண்டன். தெரியாட்டி என்ன, வாறம் எண்டாங்க.”

“நாப்பது சேந்துதா?”

“வரிசையில நிண்ட பொறகு நானே எண்ணினன்.”

டிரைவர் ஹாரன் அடித்தார். ஆதம்பாவா எண்ணிக்கையைச் சொன்னார். பஸ் கிளம்பியது.

ஊருக்கு வந்த பிறகு சந்தையில் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். கொண்டு வரலையா? அங்கேயே விட்டுட்டியா? அடக்கத்துக்கு ஆள் இருந்துதா, அநாதையாப் போட்டாங்களா?

மீனை வெட்டிக்கொண்டே சொல்கிறேன்.

நாற்பத்து மூன்று பேர்.